ஆபத்தான சாதனங்களைக் கண்டறிந்து தனிமைப்படுத்த: பேக்கட்ஃபென்ஸ் அமைக்க முழுமையான வழிகாட்டி

நெட்வொர்க் அணுகல் கட்டுப்பாட்டில் புதிதாக இறங்குபவர்களில் பலர், முதல் நாளே எல்லா ஸ்விட்ச் போர்ட்டிலும் 802.1எக்ஸை, அதாவது அடையாளம் காட்டிய பிறகே சாதனத்தை உள்ளே விடும் முறையை, ஆன் செய்துவிடுகிறார்கள். மாலைக்குள் பிரிண்டர் ஓடாது, மேசை போன் அடிக்காது, கேமரா படம் வராது. மறுநாள் காலையில் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, "இது நம்ம இடத்துக்குச் சரிப்படாது" என்று ஒதுக்கி வைப்பார்கள். வரிசை தலைகீழானதுதான் இதற்கெல்லாம் காரணம். பூட்டுவது இந்த வேலையில் கடைசிப் படி. அதற்கு முன் பார்க்க வேண்டும், பெயர் வைக்க வேண்டும், பிடித்ததை வைக்க ஓர் இடமும் அங்கிருந்து வெளியே வர ஒரு வழியும் கட்டியிருக்க வேண்டும்.

நான் இதை ஒரு கல்லூரி வளாகத்தில் செய்தேன். ஆய்வகக் கணினிகள், வருகைப்பதிவு மெஷின்கள், சிசிடிவி ரெக்கார்டர்கள், ஐபி போன்கள், யார் வாங்கியது என்றே தெரியாத ஸ்மார்ட் டிவிகள் எல்லாம் ஒரே கம்பியில் தொங்கிய இடம் அது. கருவி பேக்கட்ஃபென்ஸ்: ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸ் செலவு கிடையாது. ஸ்விட்ச் உதாரணங்களைச் சிஸ்கோவின் பெயர்களில் சொல்கிறேன். அரூபா, ஜூனிபர் போன்றவற்றில் பெயர்தான் மாறும், வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஸ்விட்ச் பட்டியல். ஒவ்வொன்றின் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, மேனேஜ்மென்ட் ஐபி, எந்த போர்ட் அடுத்த ஸ்விட்சுக்குப் போகிறது என்பது வரை எழுதுங்கள். அந்த அப்லிங்க் போர்ட்டில் தவறிப்போய்க் கட்டுப்பாட்டை இட்டால் ஒரு கட்டடமே துண்டிக்கப்படும். அதனால் அப்லிங்க்குகளுக்கு ஸ்விட்சிலேயே விளக்கப் பெயர் கொடுத்து வையுங்கள்.

ஒவ்வொரு மாடலும் மூன்று காரியம் செய்யுமா என்று பாருங்கள்: 802.1எக்ஸ், சாதனத்தின் நெட்வொர்க் சிப்புக்குரிய எண்ணான மேக் முகவரியை வைத்து அனுமதிக்கும் 'மேப்', சர்வர் சொன்னதும் இணைப்பின் நிலையை மாற்றும் 'சிஓஏ'. மூன்றாவது இல்லாவிட்டால் தனிமைப்படுத்தல் உடனே நடக்காது.

மேசைக்கு அடியில் கிடக்கும் ஐந்து போர்ட், எட்டு போர்ட் டப்பா ஸ்விட்ச்களையும் நடந்துபோய்த் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையை அலுவலகத்தில் உட்கார்ந்து செய்ய முடியாது. பின்னால் தலைவலி வருவது பெரும்பாலும் இவற்றால்தான்.

பேக்கட்ஃபென்ஸ் சர்வருக்குக் குறைந்தது 4 சிபியு, 16 ஜிபி ரேம் கொடுங்கள். ஸ்விட்ச், சர்வர் எல்லாவற்றின் கடிகாரமும் சரியான நேரம் தரும் ஒரே என்டிபி சர்வரைப் பார்க்கட்டும். நேரம் தப்பினால் சான்றிதழ் சரிபார்ப்பு விழும், லாக்கில் எது முதலில் நடந்தது என்றும் தெரியாது. எல்லா ஸ்விட்ச் கான்ஃபிகையும் பேக்கப் எடுங்கள். வேலை செய்யும் ஒரு கன்சோல் கேபிளும் பையில் இருக்கட்டும்.

இன்னொன்று, நிர்வாகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல். துறைத்தலைவரின் லேப்டாப் ஒரு நாள் தனிமைக்குப் போகத்தான் போகிறது. அன்று பேச்சு உங்களைப் பற்றியதாக ஆகாமல், விதியைப் பற்றியதாக இருக்க அந்தக் காகிதம் வேண்டும்.

2. விலான்களைப் பிரித்து வையுங்கள்

விலான் என்பது ஒரே ஸ்விட்சில், ஒரே கம்பியில் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க். நான் வைத்த எண்கள் இவை: 10 மேனேஜ்மென்ட், 20 ஊழியர், 30 ஆய்வகம், 40 பிரிண்டர், 50 கேமரா, 60 வருகைப்பதிவு மெஷின், 70 போன், 80 பதிவு செய்யாதவை, 90 தனிமை. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் கட்டடத்துக்கு ஒரு விதமாக வைக்காதீர்கள். சர்வர் "90" என்று சொன்னால் எந்த ஸ்விட்சிலும் அது தனிமையாகவே இருக்க வேண்டும்.

இங்கே புதியவர்கள் விடும் பிழை ஒன்று உண்டு. எல்லாம் வந்து சேரும் மைய ஸ்விட்சான கோர் ஸ்விட்சில் விலான் 90-ஐ உருவாக்குவார்கள், சாதனங்கள் செருகப்படும், மாடியில் இருக்கும் ஆக்சஸ் ஸ்விட்சில் மறந்துவிடுவார்கள். யாரை விடலாம் என்று ஸ்விட்சுக்குச் சொல்லும் ரேடியஸ் சர்வர் (இங்கே பேக்கட்ஃபென்ஸ்) "அனுமதி, விலான் 90" என்று பதில் அனுப்பும். ஸ்விட்சிடம் அப்படி ஒரு விலானே இருக்காது, இணைப்பு தோற்கும். சர்வர் லாக்கில் எல்லாம் வெற்றி என்றே இருப்பதால், எங்கே தேடுவது என்று தெரியாமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே, ரேடியஸைத் தொடும் முன் ஒவ்வொரு ஆக்சஸ் ஸ்விட்சிலும் ஒரு காலி போர்ட்டைக் கையாலேயே 80-க்கும் பிறகு 90-க்கும் மாற்றி, லேப்டாப்பைச் செருகி, ஐபி கிடைக்கிறதா பாருங்கள். சலிப்பான வேலைதான். ட்ரங்கில் (பல விலான்களைச் சுமந்து ஸ்விட்ச்களை இணைக்கும் கம்பியில்) விடுபட்ட விலான் அனைத்தும் இதில் அகப்பட்டுவிடும்.

3. தனிமை அறையை முதலில் கட்டுங்கள்

அடைக்கும் இடம் தயாராகாமல் யாரையும் பிடிக்கக் கூடாது. பேக்கட்ஃபென்ஸில் விலான் 80, 90 இரண்டுக்கும் ஐபி கொடுக்கும் டிஹெச்சிபியும், பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸும் அதே சர்வர் தருகிறது. எந்தப் பெயரைக் கேட்டாலும் டிஎன்எஸ் தன் முகவரியையே பதிலாகச் சொல்லும். அதனால் பிரவுசர் திறந்ததும் அறிவிப்புப் பக்கம் வரும். ஐபி லீஸை, அதாவது ஒரு ஐபியை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதை, நிமிடத்துக்கும் குறைவாக வையுங்கள். விடுவித்த சாதனம் பழைய ஐபியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் இருக்க அதுதான் வழி.

கோர் ஸ்விட்சில் விலான் 90-இலிருந்து மற்ற எந்த விலானுக்கும் பாதை இருக்கக் கூடாது. அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். உள்ளே அடைத்த சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்கவும் கூடாது. புழு (நெட்வொர்க் வழி தானே பரவும் தீநிரல்) புகுந்த ஒரு கணினியையும், அப்டேட் மட்டும் பாக்கியுள்ள இன்னொன்றையும் ஒரே அறையில் விட்டால், காலையில் இரண்டிலும் புழு இருக்கும். ஸ்விட்சில் போர்ட்டுக்குப் போர்ட் தடுக்கும் வசதியையோ பிரைவேட் விலானையோ இதற்குப் பயன்படுத்துங்கள்.

எதைத் திறந்து வைப்பது? விண்டோஸ் அப்டேட், உங்கள் ஆன்டிவைரஸின் அப்டேட் சர்வர், இவை இரண்டும் போதும். பேக்கட்ஃபென்ஸில் 'ஐசொலேஷன் பாஸ்த்ரூ' பட்டியலில் அந்த டொமைன்களைச் சேர்க்கலாம். இதை விட்டுவிட்டால், "அப்டேட் செய்தால் விடுவிப்போம்" என்று பக்கம் சொல்லும், அப்டேட் செய்ய வழி இருக்காது. பயனாளரை அதைவிடக் கோபப்படுத்துவது வேறில்லை.

அறிவிப்புப் பக்கத்தைத் தமிழிலும் எழுதுங்கள். மூன்று செய்தி போதும்: உங்கள் சாதனம் ஏன் நிறுத்தப்பட்டது, நீங்கள் என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். நான் முதலில் வைத்திருந்த பக்கத்தில் "செக்யூரிட்டி ஈவென்ட்" என்றும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தது. நூலகத்தில் இருந்த அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் பயந்து கணினியை இரண்டு நாள் திறக்கவே இல்லை. அன்றே மாற்றினேன்.

கேமராவுக்கும் வருகைப்பதிவு மெஷினுக்கும் பிரவுசர் இல்லை. அவற்றுக்கான அறிவிப்பு பொறுப்பாளரின் மெயிலுக்கோ போனுக்கோ போக வேண்டும். 6-ஆம் படியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரை எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

4. ஸ்விட்சும் சர்வரும் பேசட்டும்

ரேடியஸ் அனுமதிக்கு யுடிபி 1812, கணக்குக்கு 1813, சிஓஏவுக்கு 3799. முதல் இரண்டும் ஸ்விட்சிலிருந்து சர்வருக்குப் போகின்றன, மூன்றாவது எதிர்த்திசையில் வருகிறது. ஃபயர்வாலில் ஒரு திசையை மட்டும் திறந்துவிட்டு, "உள்ளே வருகிறது, ஆனால் தனிமைக்குப் போகவே மாட்டேன் என்கிறது" என்று குழம்புபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிஸ்கோ ஸ்விட்ச்களில் சிஓஏவின் இயல்பு எண் 1700. இரு பக்கமும் ஒரே எண் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

அடுத்து அடிக்கடி வருவது மூல ஐபி பிரச்சினை. ஸ்விட்சுக்கு இரண்டு மூன்று ஐபி இருக்கும். நீங்கள் பேக்கட்ஃபென்ஸில் சேர்த்தது மேனேஜ்மென்ட் ஐபி, ஸ்விட்ச் கேட்பது வேறொன்றிலிருந்து. தெரியாத ஆள் என்று சர்வர் பதிலே சொல்லாது. ஸ்விட்சில் ரேடியஸுக்கான சோர்ஸ் இன்டர்ஃபேஸை விலான் 10 என்று கட்டிப் போடுங்கள்.

பகிர்வு ரகசியச் சொல் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் தனியாக, நீளமாக இருக்கட்டும். மெசேஜ்-ஆதென்டிகேட்டர் என்ற பண்பைக் கட்டாயமாக்குங்கள். 2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்-ரேடியஸ் என்ற ஓட்டை, எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையின் பலவீனத்தை வைத்துச் சர்வரின் 'மறுப்பு' பதிலை 'அனுமதி'யாக மாற்ற வழி காட்டியது. அடையாளச் சோதனைக்கு ஈஏபி என்ற முறையைப் பயன்படுத்தும் 802.1எக்ஸில் அந்தப் பண்பு ஏற்கெனவே கட்டாயம். ஆனால் நம் பிரிண்டரும் கேமராவும் வருவது மேப் வழியாக. ஓட்டை இருப்பது அந்தப் பக்கம்தான். ஃபர்ம்வேரையும் அதற்கேற்பப் புதுப்பியுங்கள்.

சர்வர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஸ்விட்சில் 'கிரிட்டிகல் விலான்' என்று ஒன்றைக் குறிக்கலாம். சர்வர் பதில் தராவிட்டால் புதிதாக வரும் சாதனங்கள் அதில் போகும். கல்லூரியில் நான் ஊழியர் விலானை அப்படி வைக்காமல், இணையம் மட்டும் உள்ள தனி விலான் ஒன்றை வைத்தேன். வேலை ஓடும், சம்பளக் கணக்கு சர்வர் வெளியாகாது. போன்களுக்கும் இதே ஏற்பாடு தனியாக வேண்டும், இல்லாவிட்டால் சர்வர் விழுந்த அன்று காவலர் அறைக்குப் போன் போகாது.

5. பூட்டாமல் கவனியுங்கள்

சிஸ்கோவில் போர்ட்டுக்கு 'ஆதென்டிகேஷன் ஓப்பன்' என்ற வரியைச் சேர்த்தால், சோதனை நடக்கும், தோற்றாலும் வழி அடைபடாது. பேக்கட்ஃபென்ஸ் பக்கம் ஒவ்வொரு ஸ்விட்சையும் 'டெஸ்டிங்' நிலையில் வையுங்கள். அப்போது சர்வர் என்ன செய்திருப்பேன் என்று லாக்கில் எழுதிவிட்டு வெறும் அனுமதி மட்டும் அனுப்பும்.

இரண்டும் சேர்ந்தே வேண்டும். போர்ட் ஓப்பனாக இருந்தாலும், சர்வர் விலான் எண்ணை அனுப்பினால் ஸ்விட்ச் அதை ஏற்றுக்கொண்டு சாதனத்தை நகர்த்திவிடும். 'கவனிப்பு மட்டும்தான்' என்று நம்பி ஒரு மாடி முழுவதையும் பதிவு விலானுக்குத் தள்ளியவர்கள் உண்டு.

எத்தனை நாள் கவனிப்பது? ஒரு முழு மாதத்துக்குக் குறையாமல். மாதக் கடைசியில் மட்டும் ஆன் செய்யும் கணக்குப் பிரிவுக் கணினி, தேர்வு நாளில் மட்டும் வெளியே வரும் பிரிண்டர், வாரம் ஒரு நாள் திறக்கும் கருத்தரங்கக் கூடம் இவையெல்லாம் முதல் வாரப் பட்டியலில் இருக்காது. பத்து நாளில் போதும் என்று நிறுத்தினால், விடுபட்டவை பூட்டிய பிறகு ஒவ்வொன்றாகப் புகாராக வரும்.

இதே சமயத்தில் டிஹெச்சிபி செய்திகளின் நகல் பேக்கட்ஃபென்ஸுக்கு வர வேண்டும். கோர் ஸ்விட்சில் ஐபி கேட்கும் செய்தியை டிஹெச்சிபி சர்வருக்குக் கடத்தும், ஒவ்வொரு விலானுக்கும் இருக்கும் டிஹெச்சிபி ரிலேயில் இரண்டாவது முகவரியாக இந்தச் சர்வரைச் சேருங்கள். அது ஐபி கொடுக்காது, கேட்டுக்கொண்டிருக்கும். அடையாளம் காணும் வேலை முக்கால்வாசி இதிலிருந்துதான் நடக்கும்.

6. ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள்

சாதனம் எது என்று சொல்லும் தடயங்கள் ஒரே தரம் உடையவை அல்ல.

மேக் முகவரியின் முதல் 24 பிட் தயாரிப்பாளரைச் சொல்லும். சொல்வது பல சமயம் உள்ளே இருக்கும் நெட்வொர்க் சிப்பின் தயாரிப்பாளரைத்தான். எஸ்பிரசிஃப் (வைஃபை சிப் தயாரிக்கும் நிறுவனம்) என்று வந்தால் அது மாணவர் செய்த வானிலை சென்சாராகவும் இருக்கலாம், ஸ்மார்ட் பிளக்காகவும் இருக்கலாம்.

டிஹெச்சிபி ஆப்ஷன் 55, அதாவது சாதனம் என்னென்ன விவரங்களை எந்த வரிசையில் கேட்கிறது என்பது, இயங்குதளத்தின் கைரேகை மாதிரி. ஆப்ஷன் 60 தயாரிப்பு வகையைச் சொல்லும், ஆப்ஷன் 12 சாதனம் தனக்கு வைத்திருக்கும் பெயரைச் சொல்லும். பேக்கட்ஃபென்ஸ் இவற்றை ஃபிங்கர்பேங்க் என்ற தொகுப்போடு ஒப்பிட்டு முடிவு சொல்கிறது. ஸ்விட்ச் தரும் எல்எல்டிபி விவரம் (அருகில் செருகிய சாதனம் தன்னைப் பற்றி அறிவிப்பது) போன்களுக்கு மிக நம்பகமானது.

ஒரே தடயத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டாவது மாடி நடைபாதைப் போர்ட்டில் ஒரு சாதனம் பிரிண்டர் நிறுவனத்தின் மேக்குடன் இருந்தது. ஆப்ஷன் 60-இல் 'எம்எஸ்எஃப்டி 5.0' என்று வந்தது. அது விண்டோஸ் தன்னைச் சொல்லிக்கொள்ளும் விதம். பிரிண்டர் அப்படிப் பேசாது. போய்ப் பார்த்தால், பிரிண்டர் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து அதன் மேக்கைத் தன் லேப்டாப்பில் போட்டு ஒரு மாணவர் இணைத்திருந்தார். மேப் எவ்வளவு சுலபமாக ஏமாறும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். அதனால்தான் மேப்பில் வருபவற்றுக்குத் தேவையான அளவு மட்டும் வழி கொடுக்கிறோம்: பிரிண்டர் விலானிலிருந்து பிரிண்ட் சர்வரைத் தவிர வேறெங்கும் போக முடியாது.

சீரற்ற மேக் இன்னொரு சிக்கல். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் வைஃபையில் போன்கள் தம் உண்மை மேக்கை மறைக்கின்றன. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றானால் அது சொந்தமாக உருவாக்கிய முகவரி. அதை வைத்து யாரையும் நிரந்தரமாகப் பதிவு செய்யாதீர்கள். ஊழியர் போன்களுக்குப் பயனர் பெயர் வழி அனுமதிதான் சரி.

நிலையான ஐபி போட்ட சாதனங்களிடமிருந்து டிஹெச்சிபி தடயம் எதுவும் வராது. நம் ஊரில் கேமராவும் வருகைப்பதிவு மெஷினும் பொருத்த வருபவர்கள் நிலையான ஐபி போட்டுவிட்டுப் போவதே வழக்கம். அவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் டிஹெச்சிபிக்கு மாற்றி, சர்வரில் அதே ஐபியை ரிசர்வ் செய்யுங்கள். இதைத் தள்ளிப்போட்டதன் விலையை 8-ஆம் படியில் சொல்கிறேன்.

பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் வகை, இடம், பொறுப்பாளர் மூன்றும் இருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாதது என்றே விடுங்கள். ஊகித்து 'பிரிண்டர்' என்று எழுதிவிட்டால் பிறகு யாரும் அதைத் திரும்பப் பார்க்கமாட்டார்கள்.

7. எது ஆபத்து என்று எழுதுங்கள்

மூன்று தட்டாகப் பிரித்தேன்.

உடனே தனிமை: தன் வேலைக்குச் சம்பந்தமில்லாததைச் செய்யும் சாதனம். கேமரா ஒன்று தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் டெல்நெட்டின் 23, 2323 போர்ட்களை வெளியே தட்டினால் யோசிக்க வேண்டியதில்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியது இதே வழியில், தயாரிப்பாளர் வைத்த பழைய பாஸ்வேர்டுகளை முயன்று பார்த்துத்தான். ஒரு கணினி குறுகிய நேரத்தில் பல முகவரிகளின் 445-ஐ (விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்கான போர்ட்) தட்டுவது, பிரிண்டராக இருந்தது திடீரென்று விண்டோஸாகத் தெரிவது இவையும் இந்தத் தட்டில்.

கெடு கொடுத்துத் தனிமை: விண்டோஸ் 7, நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் வாங்காத விண்டோஸ் 10, ஆன்டிவைரஸ் நின்றுபோனவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இவற்றை ஒரே நாளில் அடைத்தால் ஆய்வகம் காலியாகும். ஏழு நாள் அறிவிப்பு கொடுங்கள்.

நிரந்தரமாகக் குறுக்கிய வழி: மாற்றவே முடியாத பழசு. எங்கள் இயந்திரவியல் ஆய்வகத்தில் ஒரு சோதனைக் கருவியின் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஓடும். அதைத் தனிமையில் வைப்பதில் அர்த்தமில்லை, ஏனென்றால் அது என்றைக்கும் சரியாகப் போவதில்லை. தனி விலான் போட்டு, ஒரே ஒரு ஃபைல் சர்வருக்கு மட்டும் வழிவிட்டேன்.

கண்டுபிடிப்பதற்குக் கண் வேண்டும். கோர் ஸ்விட்சில் போக்குவரத்தை மிரர் செய்து, தாக்குதல்களைக் கண்டறியும் மென்பொருளான சுரிகாட்டாவுக்குக் கொடுங்கள். அதன் எச்சரிக்கை, லாக்குகளை அனுப்பும் சிஸ்லாக் வழி பேக்கட்ஃபென்ஸுக்கு வரும். அங்கே 'செக்யூரிட்டி ஈவென்ட்ஸ்' பகுதியில், இந்த எச்சரிக்கை வந்தால் இந்த நடவடிக்கை என்று கட்டலாம். முதல் இரண்டு வாரம் நடவடிக்கையாக மெயில் மட்டும் வையுங்கள், தனிமை வேண்டாம். நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் உங்கள் சொந்தச் சர்வரே எல்லா முகவரியையும் தட்டும். அதைத்தான் முதலில் பிடிப்பீர்கள். அத்தகையவற்றை விலக்குப் பட்டியலில் சேர்த்த பிறகே தனிமையை இயக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஓட்டை தேடும் ஸ்கேனரை எல்லா விலானிலும் ஓடவிடாதீர்கள். பிரிண்டர்களின் 9100 போர்ட்டைத் தட்டினால் வந்ததை எல்லாம் அச்சடிக்கும், கட்டுக்கட்டாகக் குப்பைத் தாள் வரும். பழைய தொழிற்கட்டுப்பாட்டுக் கருவிகள் நின்றேவிடும்.

8. தனிமைக்கு அனுப்புவது நடக்கும் விதம்

சர்வர் முடிவெடுத்ததும் ஸ்விட்சுக்கு சிஓஏ அனுப்புகிறது. ஸ்விட்ச் அந்தச் சாதனத்தைப் பற்றி மறுபடி கேட்கிறது. இம்முறை வரும் பதிலில் மூன்று பண்புகள் இருக்கும்: டனல் வகை 13, டனல் ஊடகம் 6, குழு எண் 90. இவை மூன்றும் சேர்ந்தால்தான் ஸ்விட்ச் விலானை மாற்றும். ஒன்று விடுபட்டாலும் சாதனம் பழைய இடத்திலேயே இருக்கும்.

இனி நுணுக்கமான இடம். விலான் மாறியது சாதனத்துக்குத் தெரியாது. பழைய ஐபியை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாமல் நிற்கும், அறிவிப்புப் பக்கமும் வராது. அதனால் மேப்பில் வந்தவற்றுக்கு வெறும் மறு-அங்கீகாரம் போதாது, போர்ட்டைச் சில நொடி இறக்கி ஏற்ற வேண்டும். சிஸ்கோவில் அந்தக் கட்டளை போர்ட்டை 10 நொடி நிறுத்தும். லிங்க் போய் வந்ததும் சாதனம் புதிதாக ஐபி கேட்கும்.

ஆனால் கணினி ஐபி போனின் பின்னால் செருகியிருந்தால்? போர்ட்டை இறக்கினால் போனும் அணையும், பேச்சு நடுவில் அறுந்துவிடும். அந்தப் போர்ட்களுக்கு மறு-அங்கீகாரம் மட்டும் வையுங்கள். கணினி ஐபியை உடனே மாற்றிக்கொள்ளாது, அடுத்த புதுப்பிப்பு வரை அந்தரத்தில் நிற்கும். தீங்கு செய்யமுடியாத நிலைதான் நமக்குத் தேவை, அது கிடைத்துவிடுகிறது. ஊழியர் விலானில் லீஸ் நேரத்தைச் சில மணிக்குக் குறைத்தால் அந்தக் காத்திருப்பும் குறையும்.

டப்பா ஸ்விட்சின் பின்னால் நான்கு கணினி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பல மாடல்களில் ஒரு போர்ட்டுக்கு ஒரு டேட்டா விலான்தான். முதலில் வந்தவர் 20-இல் இருந்தால், நான்காமவரை மட்டும் 90-க்குத் தள்ள முடியாது. அங்கே கூடுதல் கேபிள் இழுப்பதுதான் தீர்வு, கான்ஃபிகில் தேடாதீர்கள்.

நான் முதல் கட்டடத்தை இயக்கிய மறுநாள் காலை 8.50. முதன்மைக் கட்டட வாசலில் வருகைப்பதிவு மெஷின் முன் வரிசை நீண்டுவிட்டது. அலுவலக உதவியாளர் ஓடி வந்தார்: "அண்ணே, கை வெச்சா பச்சை லைட்டு எரியுது, ஆனா பேரு ஏற மாட்டேங்குது!" மெஷினை விலான் 60-க்கு நகர்த்தியது பேக்கட்ஃபென்ஸ், அது சரி. ஆனால் மெஷினில் போட்டிருந்த நிலையான ஐபி பழைய விலானுடையது. கைரேகையை உள்ளே சேமித்துக்கொண்டது, சர்வருக்கு அனுப்ப வழியில்லை. அன்று நூறு பேருக்கு மேல் வருகை கணக்கில் ஏறவில்லை. மெஷினின் நினைவகத்திலிருந்து எடுத்து ஏற்ற மாலை ஆயிற்று. 6-ஆம் படியில் டிஹெச்சிபிக்கு மாற்றச் சொன்னது இதனால்தான்.

இயக்கும் முன் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து ஒத்திகை பாருங்கள். செருகுங்கள், ஊழியர் விலான் கிடைக்கட்டும். பேக்கட்ஃபென்ஸில் கையாலேயே ஒரு செக்யூரிட்டி ஈவென்ட்டைப் போடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள்: ஐபி மாற எத்தனை நொடி, அறிவிப்புப் பக்கம் வந்ததா, அங்கிருந்து ஃபைல் சர்வர் திறக்கிறதா, பக்கத்துத் தனிமைச் சாதனத்துக்குப் பிங் போகிறதா. பிறகு விடுவித்து, பழைய இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஸ்விட்ச் மாடலிலும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும்.

9. வெளியே வரும் வழி

யார் விடுவிக்கலாம், எதைப் பார்த்து விடுவிக்கலாம் என்பது எழுத்தில் இருக்கட்டும். அப்டேட் பாக்கிக்காக அடைபட்டவர், சரிசெய்ததும் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தித் தாமே வெளியேறலாம். மறுபடி சோதனை தோற்றால் திரும்ப உள்ளே. இப்படி மூன்று முறைக்கு மேல் அனுமதிக்காதீர்கள். புழுவுக்காக அடைபட்டவரை ஆள் பார்த்தே விட வேண்டும், பொத்தான் வேண்டாம்.

விடுவிப்பு தாமதமானால் மக்கள் மாற்றுவழி தேடுவார்கள். போனில் ஹாட்ஸ்பாட் போடுவார்கள், வீட்டிலிருந்து ரூட்டர் கொண்டுவருவார்கள். வேலை நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பதில் என்று எங்களுக்கு நாங்களே விதி வைத்துக்கொண்டோம். அதைக் காப்பாற்ற ஆய்வக உதவியாளர்கள் இருவருக்கும் விடுவிக்கும் உரிமை மட்டும் உள்ள கணக்கு கொடுத்தேன்.

லாக்கைத் தனிச் சர்வரில் சேமியுங்கள். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவின்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் நிறுவனம் அதன் வரம்பில் வந்தால், தனிமைப்படுத்திய நேரம், மேக், போர்ட், பொறுப்பாளர் நான்கும் ஒரே இடத்தில் கிடைப்பது அந்த 6 மணி நேரத்தில் பெரிய உதவி.

10. ஒவ்வொரு கட்டடமாகப் பூட்டுங்கள்

இப்போதுதான் 'ஓப்பன்' வரியை எடுக்கிறோம். உங்கள் சொந்த அலுவலகத்தில் தொடங்குங்கள், பிறகு ஆய்வகம் ஒன்று, பிறகு நிர்வாகக் கட்டடம். வெள்ளிக்கிழமை மாலையிலும் தேர்வு வாரத்திலும் தொடாதீர்கள். செவ்வாய் காலை நல்ல நேரம், சரிசெய்ய மூன்று வேலை நாள் கையில் இருக்கும்.

நேர அளவுகளைப் பாருங்கள். சிஸ்கோவின் இயல்பு அமைப்பில், சாதனம் 802.1எக்ஸ் பேசுமா என்று ஸ்விட்ச் 30 நொடி இடைவெளியில் மூன்று முறை கேட்டுவிட்டு, 90 நொடி கழித்தே மேப்புக்குப் போகும். அதற்குள் பிரிண்டர் டிஹெச்சிபி கேட்டுச் சலித்து நின்றுவிடும். அந்த இடைவெளியை 10 நொடியாக்கினால் 30 நொடியில் முடிந்துவிடும். மிகவும் குறைத்தால், மெதுவாகத் துவங்கும் விண்டோஸ் கணினிகள் பதில் சொல்லும் முன்பே மேப்பில் விழும்.

விண்டோஸில் கம்பி இணைப்புக்கான 802.1எக்ஸ் சேவை, 'வயர்டு ஆட்டோகான்ஃபிக்', தானாகத் துவங்காது. குரூப் பாலிசி வழி அதைத் தானியங்கியாக்குங்கள். இதை மறந்தால் எல்லாக் கணினியும் மேப்பில் வரும், யாருக்கும் காரணம் புரியாது. முடிந்தால் சான்றிதழ் வழியான ஈஏபி-டிஎல்எஸ் முறைக்கே போங்கள். விண்டோஸ் 11-இன் 22எச்2 முதல் எண்டர்பிரைஸ் பதிப்புகளில் பாஸ்வேர்டு விவரங்களைப் பாதுகாக்கும் கிரெடென்ஷியல் கார்டு இயல்பாகவே இயங்குவதால், பாஸ்வேர்டு வழியான பழைய பிஈஏபி முறையில் தானாக உள்நுழைவது நின்றுவிடும். சான்றிதழ் முடியும் தேதியைக் காலண்டரில் 60 நாள் முன்பே எழுதிவையுங்கள். சர்வர் சான்றிதழ் முடிந்த காலையில் வளாகம் முழுவதும் ஒரே சமயத்தில் விழும்.

சர்வர் அறையில் ஒரு போர்ட்டைக் கட்டுப்பாடின்றி விடுங்கள். எல்லாம் பூட்டிக்கொண்ட நாளில் நீங்கள் உள்ளே வர அது வேண்டும். அந்த அறையின் சாவி யாரிடம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

11. பூட்டிய பிறகு

புதிய சாதனம் வாங்கும்போதே மேக்கும் பொறுப்பாளர் பெயரும் வாங்கும் படிவத்தில் வரட்டும். பெட்டி பிரித்த பிறகு தேடினால் சிக்காது.

தொண்ணூறு நாள் தலைகாட்டாத மேக்குகளைப் பதிவிலிருந்து எடுங்கள். பழைய பிரிண்டரின் முகவரி பட்டியலில் இருக்கும் வரை, அதைத் தெரிந்தவருக்கு அது திறந்த கதவு.

மாதம் ஒரு முறை 8-ஆம் படியின் ஒத்திகையை அதே பழைய லேப்டாப்பை வைத்துத் திரும்பச் செய்யுங்கள். ஸ்விட்ச் ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகு சிஓஏ ஒரு தடவை எங்களிடம் சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது. திரையில் 'தனிமைப்படுத்தப்பட்டது' என்று வந்தது, லேப்டாப்போ ஊழியர் விலானிலேயே இருந்தது. திரையை மட்டும் பார்க்காமல், லேப்டாப்பில் ஐபியையும் படித்துப் பாருங்கள்.